மூன்றாம் ஓலை

என் மகளின் கல்யாண ஓலை வாசிக்கப்பட்ட மூன்று ஞாயிறுகளில் இரண்டு வாக்குப்பதிவுக்கு முன்னால் வந்தன, ஒன்று பின்னால். நாள் குறித்தவன் நான்தான். தேர்தல் வருவது எனக்குத் தெரியாத செய்தியல்ல. நான் செய்தித்தாளை வரன் விளம்பரம் உட்பட வாசிக்கிறவன்.

ஓலை என்று பெயரே தவிர, காகிதம்தான். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று ஆயர் மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார். வாசித்துவிட்டு ஒரு கணம் நிறுத்துவார். அந்தக் கணத்தில் யாராவது எழுந்தால் விசாரணை, கமிட்டி, அப்புறம் கல்யாணம் எப்போது என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

திருவண்ணாமலையில் நாங்கள் சின்னக் கூட்டம். வெளியூர்க்காரர்கள் எங்கள் சர்ச் வாசலில் நின்றுதான் கோவிலுக்கு வழி கேட்பார்கள். இவ்வளவு சின்னக் கூட்டம் ஒற்றுமையாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அந்த வருடம் ஆண்கள் பக்கத்தில் முன்பெஞ்சுகள் ஒரு கூட்டணிக்கும் பின்பெஞ்சுகள் இன்னொரு கூட்டணிக்கும் போய்விட்டன. ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில், சமாதானம் நாலாவது பெஞ்சோடு நின்றுவிடும். நான் எந்தப் பக்கமும் சாராதவன். அதாவது, இரண்டு பக்கத்தையும் கிண்டல் செய்துவிட்டு நடுநிலை என்று சொல்லிக்கொள்கிறவன்.

சம்பந்தியாகப் போகிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மனைவியை இழந்தவர், பின்பெஞ்சு. இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள், அவர் கழுத்தில் கட்சித் துண்டோடு வேட்பாளரிடம் மனு கொடுக்கும் படம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கேட்டிருந்தார். நியாயமான கோரிக்கை. பௌர்ணமிக்கு வரும் வேன்கள் கல்லறைகளுக்கு நடுவில்தான் நிற்கும். மற்ற நாட்களில் ஆடுகள். நான் கீழே எழுதினேன்: ‘உயிர்த்தெழும் நாளில் வாக்காளர்கள் தப்பி ஓடாமல் இருக்கத்தான் சுவரா?’

சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. எல்லாம் முன்பெஞ்சு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கால்மணி நேரத்தில் அவரே போன் செய்தார்.

“என் வீட்டம்மா அங்கதாங்க படுத்திருக்காங்க. நீங்க சொன்ன வாக்காளர் அவங்கதான்.”

“சம்பந்தி, சும்மா தமாஷுக்கு...”

“இன்னும் ஒரு ஓலை பாக்கி இருக்குதுங்க. அதுவரைக்கும் சம்பந்தின்னு கூப்பிடாதீங்க.”

வைத்துவிட்டார். நான் எழுதியதை அழித்தேன். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் ஒரு சின்னக் கல்லறை மாதிரி அங்கேயே நின்றது.

“உங்களுக்கு வாய் ஜாஸ்தின்னு எங்கப்பா அன்னிக்கே சொன்னாரு” என்றாள் மனைவி. மகள் என்னைத் திட்டவில்லை. “ஞாயித்துக்கிழமை அவரு எழுந்து நின்னுட்டா நான் என்னப்பா பண்றது?” என்று மட்டும் கேட்டாள். வருத்தமோ பயமோ வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் நம்முடையதுதானா என்று தொட்டுப் பார்ப்போமே, அப்படி நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். சட்டைப்பையில் பேனா இருந்தது.

அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாக்குப்பதிவு அன்று பள்ளிக்கூட வரிசையில் எனக்குப் பத்து பேர் முன்னால்தான் நின்றார். அவர் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. விரலில் மை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று நினைவில்லை.

மூன்றாம் ஞாயிறு ஆயர் சபை ஒற்றுமையைப் பற்றி நாற்பது நிமிடம் பிரசங்கித்தார். அது எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு இரண்டு பக்கத்தாரும் தலையாட்டினார்கள். அதுவரை அன்று நான் கண்ட ஒற்றுமை அது ஒன்றுதான். பிறகு ஓலையை எடுத்து வாசித்தார். நிறுத்தினார்.

பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. திரும்பாமலே யார் என்று தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் மகளின் கை தனக்கு முன்னாலிருந்த பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஐயா, ஒரு விஷயங்க.”

“சொல்லுங்க சார்” என்றார் ஆயர்.

“கல்யாணத்துக்குத் தடை இல்லீங்க. ஓலையிலதான் தப்பு. பொண்ணுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரு பேரும் வருது. பையனுக்கு என் பேரு மட்டும்தான் வருது. அவங்கம்மா பேரு இல்ல. மூணு வாரமா இல்ல.”

ஆயர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஓலையை எழுதிக் கொடுத்தவன் நான்தான். வேண்டுமென்று விட்டிருந்தால்கூட ஒரு காரணம் சொல்லலாம். எழுதும்போது அந்த அம்மாள் என் நினைவுக்கே வரவில்லை. இரண்டு வாரம் அவர் அதைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் நான் ஜோக் அடித்திருக்கிறேன்.

முன்பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். குழுவில் முதல் சிரிப்பு முகம் போட்டவர்.

“காலஞ்சென்றன்னு போட்டு அவங்க பேரையும் சேத்து வாசிங்கய்யா. என் பசங்களுக்கு சண்டே ஸ்கூல் எடுத்தவங்க.”

ஆயர் பேனாவைத் தேடினார். அந்த மனிதர் தன்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். எழுதும் நேரம் முழுக்க பின்பெஞ்சுக்காரரும் முன்பெஞ்சுக்காரரும் நின்றபடியே இருந்தார்கள். ஆயர் முதலிலிருந்து மறுபடி வாசித்தார், அந்த அம்மாளின் பெயரோடு. மறுபடி நிறுத்தினார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சும்மா இருந்தது. மகளின் கை விளிம்பை விட்டது. எனக்குக் கண்ணீர் வந்ததாக எழுதினால் நன்றாக இருக்கும், வரவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக நான் மனத்துக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை.

“தப்புதாங்க. ரெண்டும் என் தப்புதாங்க” என்றேன்.

அவர் ஹெல்மெட்டின் வாரைச் சரி செய்தார். “சமையல்காரர பாக்க சாயந்தரம் கீழ்பென்னாத்தூர் போறேன். வர்றதுன்னா வாங்க. வழியில வாயத் தொறக்காதீங்க.”

போனேன். பின்சீட்டில் உட்கார்ந்து அவருடைய முதுகையும் இரண்டு பக்கமும் நிலக்கடலை வயல்களையும் பார்த்துக்கொண்டு வந்தேன். சமையல்காரர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: “ரெண்டு கட்சிக்காரங்களும் வருவாங்கன்னு கேள்விப்பட்டேன். பந்தி தனித்தனியா போட்டுடலாங்களா?”

“ஒரே பந்திதான்” என்றார் சம்பந்தி. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

எனக்கு ஒரு நல்ல பதில் தோன்றியது. சிரிப்பு நிச்சயம். அதை விழுங்கிக்கொண்டேன். “ஆமாங்க, ஒரே பந்திதான்” என்றேன்.