நிற்க வேண்டியவர்கள்

அறுபதுகளில் செஞ்சியில் எங்கள் கால்பந்துக் குழுவில் பதினெட்டு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். திண்டிவனத்துக்காரர்களிடம் மூன்று முறை தோற்றிருந்தோம். நான்காவது ஆட்டத்துக்குள் ஏழு பேரைக் கழித்துவிடும் பொறுப்பு செயலாளரான என் தலையில் விழுந்தது.

ராஜகிரி அடிவாரத்து மைதானத்தில் ஆறு மாலைகள் உட்கார்ந்து, ஒவ்வொருவனும் எத்தனை முறை பந்தை உதைத்தான், எத்தனை முறை வெறும் காற்றை உதைத்தான் என்று எண்ணினேன். பிறகு, குழுவில் நீடிக்க வேண்டிய பதினொரு பேரின் பெயர்களை எழுதி, ‘நிற்க வேண்டியவர்கள்’ என்று தலைப்பிட்டு டீக்கடைச் சுவரில் ஒட்டினேன்.

ஆட்டத்தன்று ஏழு பேர்தான் வந்தார்கள். ஏழும் காற்றை உதைத்தவர்கள். பதறிப்போய் கோல்கீப்பர் வீட்டுக்கு ஓடினேன். அவன் மாடு கழுவிக்கொண்டிருந்தான்.

“இன்னாடா, ஆட்டத்துக்கு வரலியா?”

“நீதான நின்னுக்கச் சொல்லி செவுத்துல ஒட்டுன? நின்னுட்டேன்.”

“நிக்கணும்னா டீம்ல இருக்கணும்னு அர்த்தம்டா!”

“எங்க மச்சான் போன மாசம் ரைஸ்மில்லுல நின்னுட்டான். அவன் இன்னும் மில்லுலயா இருக்கறான்?”

மற்ற பத்துப் பேரைத் தேட நேரமில்லை. மைதானத்துக்குத் திரும்பினேன். ஏழு பேரும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வீட்டாரையும் அழைத்து வந்திருந்தார்கள்.

“அந்தப் பதினொரு பேரயும் கழிச்சிவுட ஒரு தில்லு வேணும்ண்ணா,” என்று ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அம்மா என்னைக் கும்பிட்டார்.

நான் பந்தை அவனிடம் கொடுத்தேன். பதினான்கு கோல் வாங்கினோம்.