ஒரே டிவிஷனில் ஐந்து லெட்சுமி

சென்ற புதன்கிழமை காலை. ஹட்டனில் அதிசயமாக மழை இல்லை. எங்கள் கம்பெனிக் கந்தோர் வாசலில் ஏணிமேல் நின்றுகொண்டு பெயின்டர் பெரியசாமி அண்ணன் கேட்டார்:

"இதுல எதை அழிக்கிறது, எதை விடுறதுங்க?"

அவர் கையில் தூரிகை தயாராக இருந்தது. நான் எங்கள் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது. ஒரு கம்பெனி எப்படி வளர்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் அது எதைச் சேர்த்துக்கொண்டது என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். எதைக் கழற்றிவிட்டது என்று பார்த்ததே இல்லை.

எங்கள் பெயர்ப்பலகையை நீங்கள் பார்க்க வேண்டும். ஹட்டன் மழைக்கு எந்தப் பெயின்டும் நிற்காது. மேல் எழுத்து கரைந்தால் அடி எழுத்து எட்டிப் பார்க்கும். ஆக அடியில் 'கல்குலேட்டர் திருத்துமிடம்'. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே கணக்குப் படிப்பிக்க வந்து, பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடை திறந்த எங்கள் சேர் அதில்தான் தொடங்கினார். அதன்மேல் 'பிலோமினா தட்டெழுத்து வகுப்பு'. பக்கத்துப் பேக்கரிக்கு மேல்மாடியில் பதினொரு டைப்ரைட்டரோடு நடந்துகொண்டிருந்த வகுப்பை, டீச்சரோடு சேர்த்தே வாங்கிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேல் 'கொம்பியூட்டர்'. அது வந்ததும் கல்குலேட்டர் வேலையைக் கடையில் இருந்த மெக்கானிக்கிடமே ஒப்படைத்தார்.

கொம்பியூட்டரோடு வந்து சேர்ந்தவன் நான். தேயிலைத் தோட்டங்களுக்கு சொப்ட்வெயர் எழுதுகிறேன். எந்த டிவிஷனில் யார் யார் பேர் பதிந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, விடிந்ததும் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை கூப்பிட வேண்டிய பட்டியலை அச்சடித்துக் கொடுக்கும் புரோகிராம். பட்டியலை டைப் செய்து ஏற்றுவது பிலோமினா டீச்சரும் அவருடைய மாணவிகளும்.

போன மாதம் கொழும்பில் ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கக் கேட்டது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனால் சேர் தலையைச் சொறிந்தார்.

"தம்பி, புரோகிராமும் நீயும் போதுமாம். டைப்பிங் வகுப்பு அவைக்குத் தேவையில்லையாம். மாதக் கடைசியோட மூடச் சொல்லினம்."

அதை நான் காதில் வாங்கினேனா? வாங்கினேன். ஆனால் ஒரு பழைய பிரின்ட் காகிதத்தின் பின்பக்கத்தில் பெட்டி பெட்டியாகப் படம் வரைந்துகொண்டே வாங்கினேன். கொழும்பு ஒரு பெரிய பெட்டி. நாங்கள் ஒரு சின்னப் பெட்டி. நடுவே அம்புக்குறி. டைப்பிங் வகுப்புப் பெட்டிக்கு மேல் ஒரு பெருக்கல் குறி. இவ்வளவு அழகான படத்தை யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியுமா? மாடியேறிப் போய் டீச்சரிடமே காட்டினேன்!

டீச்சர் படத்தைப் பார்த்தார். ஒரு பிள்ளையின் தாளில் இரண்டு பிழையைத் திருத்தினார். பிறகு கேட்டார்:

"அப்ப எனக்குப் பேர் வெட்டா?"

தோட்டத்தில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு அதுதான் சொல். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "இல்லீங்க டீச்சர், இது வேற... ரீஓர்கனைசேஷன்" என்றேன்.

"அதுக்குத் தமிழ்ல அதானே தம்பி பேரு" என்றார்.

அடுத்த வாரம் கொழும்புக்காரர்கள் வந்தார்கள். மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றின் பட்டியலைத் திரையில் காட்டினேன். வந்திருந்த மனேஜர் விரலை வைத்தார். ஒரே டிவிஷனில் ஐந்து லெட்சுமி, நான்கு ராமாயி, இரண்டு மாரியாயி. ஒரே ஆளின் பேர் பல தடவை ஏறியிருக்கிறதே, சுத்தம் செய்ய முடியாதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

முடியாதா? என்னிடமா கேட்பது? அரை மணித்தியாலத்தில் எழுதிவிட்டேன். பேரும் ஒன்று, டிவிஷனும் ஒன்று என்றால் ஆளும் ஒன்று. பட்டியல் மளமளவென்று இளைத்தது. மனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்த வாரப் பட்டியலை நான் அப்படியே அச்சடித்துத் தோட்டத்துக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை டெலிபோன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

"தம்பி, எட்டுப் பொம்பளைகளுக்குப் பேர் வெட்டியிருக்கீங்க. என்ன குத்தம் செஞ்சாங்கன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

பெரட்டில் லெட்சுமி என்று ஒருமுறைதான் கூப்பிட்டாராம். ஐந்து பேர் முன்னால் வந்தார்களாம். தன் சொந்தப் பொறுப்பில் மலைக்கு அனுப்பப் பார்த்தும், பட்டியலில் பேர் இல்லாமல் கொழுந்து எடுத்தால் நாளைக்குச் சம்பளம் போட யார் ஒத்துக்கொள்வார்கள் என்று இரண்டு பேர் கூடையோடு லயத்து வீட்டுக்கே திரும்பிவிட்டார்களாம்.

நம்பர் போட்டு வைப்பதில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். வைத்திருந்தார்கள். இரண்டு டிவிஷனை ஒன்றாக்கியபோது பழைய நம்பரும் புது நம்பரும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டுவிட்டன. அங்கேயும் யாரோ பெட்டி போட்டு அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள்!

மாடிக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தார்.

"ஒங்கம்மா பேரு என்னங்க தம்பி?"

"...லெட்சுமி."

"அவங்க லயத்துல எத்தன லெட்சுமி?"

"மூணு."

"அம்மாவ எப்படிக் கூப்பிடுவாங்க?"

"றொசல்ல லெட்சுமி." கல்யாணம் முடித்து றொசல்லயிலிருந்து வந்ததால் அந்தப் பேர்.

டீச்சர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு தோட்டத்துப் பட்டியலையும் டைப் செய்யும்போது, பட்டியல் கொண்டுவந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். பீலிக்கரை லெட்சுமி. மூணாம் லயத்து லெட்சுமி. சிரிப்பு லெட்சுமி. கோயிலடி லெட்சுமி. தையல் லெட்சுமி. ராமாயிகளும் மாரியாயிகளும் அப்படியே தனித்தனியாக இருந்தார்கள். இதை ஏன் கொம்பியூட்டரில் ஏற்றவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அதுக்கு எடம் விடலியே" என்றார்.

அன்று பின்னேரமே, கொப்பியைப் பார்த்து டீச்சர் டைப் செய்து கொடுத்த புதுப் பட்டியலோடு மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கணக்கப்பிள்ளை எல்லோர் பேரையும் வாசித்தார். எட்டுப் பேரும் பட்டியலுக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். யாரும் ஏசவில்லை. சிரிப்பு லெட்சுமி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "நாளைக்கும் அந்த மிசினுக்கு எங்கள அடையாளந் தெரியுமாங்க?"

தெரியாது. அதுதான் உண்மை.

மறுநாள் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். விற்கிற சாமான் பட்டியலில் இதை நாங்கள் எழுதவே இல்லையே என்றார். வாங்குகிறவர்களும் கேட்கவில்லை. கம்பெனி வாங்குவதில் இப்படித்தான் நடக்கும் போலிருக்கிறது. மேசை, மிசின், புரோகிராம் எல்லாம் பட்டியலில் வரும். அதை ஓடவைக்கிற சங்கதி யாராவது ஒருவருடைய லாச்சிக்குள் கிடக்கும்.

டீச்சரையும் சேர்த்து எடுக்கும்படி கொழும்புக்குச் சொல்கிறேன் என்றார் சேர். டீச்சர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

"எனக்குப் பேர் பதியவும் வேணாம், வெட்டவும் வேணாம் சேர். ஏங் கிளாஸ எங்கிட்டயே குடுத்துருங்க. பட்டியல் வந்தா பாத்துக் குடுக்குறேன்."

சேர் கொழும்போடு இரண்டு நாள் டெலிபோனில் மல்லுக்கட்டினார். முடிவு இது: புரோகிராம் கொழும்புக்கு. வகுப்பு டீச்சருக்கு. எந்தத் தோட்டத்துப் பட்டியலும் டீச்சர் பார்க்காமல் வெளியே போகாது. அவரைக் கழற்றிவிட நினைத்த கம்பெனி இப்போது அவருக்கு வாடிக்கைக்காரர்! நான் கொழும்பு ஆள். ஆனால் என் மேசை மேல்மாடியில், பதினொரு டைப்ரைட்டர் சத்தத்துக்கு நடுவே.

ஆகவே புதன்கிழமை பெரியசாமி அண்ணனுக்கு, கொஞ்சம் தாமதமாக, பதில் சொன்னேன். "கொம்பியூட்டரை அழிங்கண்ணே. தட்டெழுத்தை விடுங்க."

"புதுசை அழிச்சுப் பழசை விடச் சொல்ற மொத ஆளு நீங்கதாங்க" என்று சுரண்டத் தொடங்கினார்.

இப்போது புரோகிராமில் புதிதாக ஓர் இடம் விடுகிறேன்: 'எப்படிக் கூப்பிடுவார்கள்?' அடுத்த திங்கட்கிழமை விடிய நானே மஸ்கெலியாப் பெரட்டுக்குப் போய் நிற்கப்போகிறேன். சிரிப்பு லெட்சுமி என்று கூப்பிட்டால் ஒரே ஓர் ஆள் முன்னால் வர வேண்டும். அதுதான் சோதனை.

ஒரு சின்னச் சிக்கல். டீச்சர் கொப்பியில் 'கொழுந்து மடுவத்துக்கு மேல்வீட்டு ராமாயி' என்று ஒருவர் இருக்கிறார். நான் விட்ட இடத்துக்குள் அவர் அடங்கவில்லை. சுருக்கலாமா என்று டீச்சரிடம் கேட்க வாயெடுத்தேன்... கேட்கவில்லை. இடத்தைத்தான் அகலமாக்கிக்கொண்டிருக்கிறேன்.