நான் ஓடாத ஏழு மாதங்கள்

நான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் தையல் பிரிவு சூப்பர்வைசர். இப்போதும் அங்கேதான் வேலை. குடியாத்தத்தில் கட்டிக் கொடுத்திருக்கும் என் அக்காவுக்கு அப்போது இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். மாமாவின் ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். "நான் குடுக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அக்கா அழுதுவிட்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பரிசோதனைகள் பொருந்தின. ஆனால் டாக்டர் என் எடையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. அதுக்கப்புறம்தான் ஆபரேஷன். மொதல்ல வேகமா நடங்க, அப்புறம் மெதுவா ஓட ஆரம்பிங்க. மூணு நாலு மாசத்துல முடிச்சிடலாம்" என்றார்.

அன்றைக்கே ஓடுவதற்கென்று ஒரு ஷூ வாங்கினேன். காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். அடித்ததும் அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அப்புறம் தினமும் அதே கதைதான். ஷிப்மென்ட் நேரம், வீட்டுக்கு வரவே ஒன்பது மணி ஆகிவிடும். காலையில் குடிநீர் பிடிக்க வேண்டும், இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம் என்பேன். இந்த கன்டெய்னர் போகட்டும் என்பேன். மழை வந்தது, முட்டி வலித்தது, தெரு நாய்கள் துரத்தின. இதில் எதுவும் பொய்யில்லை. அதனால்தான் அவற்றை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. கூட வேலை செய்பவர்களிடம், "மோட்டிவேஷனே வர மாட்டேங்குதுப்பா" என்று புலம்புவேன். அவர்கள் மொபைலில் வீடியோ அனுப்புவார்கள். படுத்துக்கொண்டே பார்ப்பேன்.

ஏழு மாதத்தில் நான் ஓடியது இரண்டே நாள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது ஒரு கிலோ ஏறியிருந்தது. அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். சாப்பிட்டாயா, பசங்க எப்படி இருக்காங்க என்பதோடு சரி. ஓடினாயா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஏழாவது மாதம், நல்ல வெயில் காலம். வழக்கமாக மாமாதான் அவளை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவார். ஒருநாள் தறி வேலையை விட்டு அவரால் வர முடியவில்லை. நான் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். அவள் கால்கள் வீங்கி, சொந்தச் செருப்பு நுழையாமல் மாமாவின் ரப்பர் செருப்பைப் போட்டிருந்தாள். பஸ் படியில் ஏற நான் கைகொடுக்க வேண்டியிருந்தது.

மெஷினில் அவளைச் சேர்த்த பிறகு மாத்திரை வாங்க வெளியே போய்விட்டு வந்தேன். வெயிலில் நாக்கு வறண்டு, அவள் கட்டில் பக்கத்தில் நின்றபடியே ஒரு பாட்டில் தண்ணீரை மொத்தமாகக் குடித்தேன். அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தம்ளர்தான் அளவு. அவள் பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உனுக்கு பயமா இருக்குதாடா?"

"இன்னா பயம்? அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. வேலை ஜாஸ்தி, காலைல எழுந்துக்க முடியல. அதான்."

"பையனுக்கு ஜுரம்னா ராத்திரி பூரா முழிச்சிக்கினு இருந்துட்டு, காலைல கம்பெனிக்கும் போறவன் நீ. இது மட்டும் முடியலன்னா அது தூக்கம் இல்லடா. ரெண்டு சின்ன பசங்கள வெச்சிருக்க. நமக்கு எதனா ஆயிட்டா இன்னா பண்றதுன்னு தோணத்தான் செய்யும். எனக்கும் தோணியிருக்கும்."

நான் காலி பாட்டிலை மூடிக்கொண்டிருந்தேன். அவளே தொடர்ந்தாள்.

"முடியாதுன்னா சொல்லிடு. நான் கோச்சிக்க மாட்டேன். இறந்தவங்க கிட்னிக்கு பேர் எழுதி வெக்கலாம்னு அப்பவே சொன்னாங்க. தம்பி குடுக்கறான்னு நான்தான் எழுதல."

அதுவரை அந்தப் பயத்தை நான் எனக்குள்ளேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது, எடை குறையவில்லை என்று டாக்டர் சொல்லும் ஒவ்வொரு முறையும் மனசின் ஒரு மூலையில் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. நேரமில்லாததும் தூக்கமும் சேர்ந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. விலை கொடுத்தவள் அவள்.

"பயமாத்தான்க்கா இருக்குது" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். ஊசி குத்தாத கையால் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப டாக்டர்கிட்ட போய் கேளு. எதுக்கு இத்தினி நாள் உள்ளயே வெச்சிக்கினு இருந்த?"

முதலில், அவள் பெயரை அந்தப் பட்டியலில் எழுத வைத்தேன். பிறகு டாக்டரிடம் மனைவியையும் அழைத்துப் போனேன். ஒற்றைக் கிட்னியோடு வேலைக்குப் போக முடியுமா, எத்தனை வருடம் இருப்பேன், எல்லாவற்றையும் வெட்கப்படாமல் கேட்டேன். அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "பசங்கள அஞ்சரைக்கு எழுப்பற நான், உங்கள மட்டும் ஒரு நாளும் எழுப்பல. வேணும்னேதான் எழுப்பல."

மறுநாள் அவள்தான் எழுப்பினாள். வீட்டிலிருந்து பைபாஸ் பாலம் வரை ஓடினேன். நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அதே வேலை, அதே ஷிப்மென்ட், அதே நாய்கள். உற்சாகம் ஒன்றும் வரவில்லை. அது இல்லாமலேயே ஓட முடியும் என்பது மட்டும் தெரிந்தது.

டாக்டர் சொன்ன எடைக்கு வர நான்கு மாதம் ஆனது. அதற்குள் அக்காவை நுரையீரலில் நீர் சேர்ந்து இரண்டு முறை அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை, இனி திரும்ப மாட்டாள் என்றே நினைத்தோம். அந்த நாட்களில் விடியற்காலையில் ஓடிவிட்டு, அப்படியே முதல் பஸ் பிடித்து அவளைப் பார்க்கப் போவேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இருவரும் பிழைத்தோம். நான் ஒரு மாதத்துக்குப் பிறகு வேலைக்குப் போனேன். அக்கா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். ஆனால் அவள் இதயம் பலவீனமாகிவிட்டது, பத்துப் படி ஏறினால் நிற்க வேண்டும். முன்னாலேயே செய்திருந்தால் இது வந்திருக்காதா என்று டாக்டரிடம் ஒருநாள் தனியாகக் கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

அக்கா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் இன்றைக்கும் ஏதாவது ஒன்றுக்கு 'நேரமில்லை' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், என் பயத்துக்காக வேறு யாரைக் காக்க வைக்கிறேன் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பேசுகிறேன்.