பதினாறு வயதுக்கு பெர்மிட் வேண்டுமா?

இன்று மதியம் சுங்கை பினாங்கில் ஒரு போட்டோஸ்டேட் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அப்பாவும் மகளும் நின்றார்கள்.

"மக வேலைக்குப் போகணும். பெர்மிட் பாரம் இருக்கா?" என்று அப்பா கேட்டார்.

கடைக்கார அக்கா சிரித்துவிட்டார். "பெர்மிட்டெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்குண்ணே. நம்ம புள்ளைக்கு எதுக்கு? வயசு என்ன?"

"பதினாறு. ஸ்கூல் லீவுக்குப் புத்தகக் கடையில வேலை. மொதலாளி ஏதோ கேட்டாராம்."

"அது அப்பாவோட சம்மதக் கடிதமா இருக்கும் லா."

அவர் நிம்மதியாக மகளிடம் திரும்பினார். "அப்ப எழுதும்மா."

அப்பாவின் சம்மதத்தை அவளே கைப்பேசியில் மலாயில் தட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன், அவள் மறைக்கவில்லை. 'என் மகள் பொறுப்பானவள்' என்பதை யோசிக்காமல் அடித்தாள். வீடு திரும்பும் நேரத்தை எழுத வந்தபோதுதான் விரல் நின்றது.

"அப்பா, எத்தன மணிக்குள்ள வரணும்?"

"ஏழு."

"பஸ் லேட்டாகும். ஏழரை போடுறேன்."

"சரி, போடு."

அச்சான தாள் கைக்கு வந்ததும் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பாக்கலையாண்ணே?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டு பாரமெல்லாம் இவதான் எழுதுவா. தப்பே வராது."

அவளிடம் கேட்டேன். "எப்பலேருந்தும்மா?"

"நாலாம் ஆண்டுலேருந்துக்கா."

பத்து வயதிலிருந்து எழுத்து வேலையெல்லாம் பார்க்கும் வீட்டுக் கிராணியாக இருப்பவளுக்கு, வேலைக்குப் போக இன்றுதான் அனுமதி கிடைத்திருக்கிறது.

உங்கள் வீட்டுக் கிராணிக்கு என்ன வயது?