ஒஸ்வால்ட் காட்டிய இரத்தினபுரி வழி

கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட் வீடு எது என்று கேட்டால், எந்த ஒஸ்வால்ட் என்று திருப்பிக் கேட்பார்கள். மலைக்கார ஒஸ்வால்ட் என்று சொன்னால் சின்னப்பிள்ளையும் கூட்டிக்கொண்டு போய் விடும். துறைமுகத்துக் கப்பல் கம்பனி ஒன்றில் அவன் கிளாக்கர். அவனுக்குப் பக்கத்து மேசையில் நானும் கிளாக்கர். ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கன், மாசி பிறந்தால் போதும், சிவனொளிபாத மலைக்கு மூட்டை கட்டிவிடுவான். சுவாமியார் ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தார். மலை உச்சியில் இருப்பது தோமையாரின் பாதம் என்று சொல்பவர்களும் உண்டு, சுவாமி என்று இவன் பதில் சொல்லிவிட்டு வந்தான். அவனுடைய மனைவி புளோறன்ஸ் மட்டும், தோமையாருக்குக் கொழும்பில் நிற்க இடமில்லாமலா அங்கே போய் ஏறினார் என்று முணுமுணுப்பாள்.

மட்டக்குளியில் தச்சு வேலை செய்த சீமன் பாஸ் ஆண்டுதோறும் ஒரு கூட்டத்தை மலைக்கு அழைத்துப் போவார். அந்தச் சிங்களக் கூட்டத்தில் ஒரே தமிழன் ஒஸ்வால்ட். மலைக்குப் போகிறவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக்கூடாது. களைப்பு என்றோ, ஏலாது என்றோ வாய் திறக்கக்கூடாது. திறந்தால் மலை நீளும் என்பார்கள். கூட்டத்தில் மற்றவர்கள் தவறிப்போய்ச் சொல்லிவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஒஸ்வால்ட் சிரிக்கமாட்டான். ராஜாவை விஞ்சிய ராஜவிசுவாசி என்பது அவனுக்கென்றே ஏற்பட்ட சொல். முதல்முறை வருகிறவர்களை நிறுத்திவைத்துச் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிக்கொடுப்பான்.

எங்கள் அறையில் மூன்றாவது கிளாக்கர் சிவபாதசுந்தரம். வெள்ளவத்தையில் குடியிருந்தார். அவரைப் போல வாயில்லாப் பூச்சியை நான் கண்டதில்லை. துரை அநியாயமாக ஏசினாலும் தலையை ஆட்டிவிட்டு வந்து பேனாவை எடுப்பார். சிறுவயதில் மூட்டுகள் வீங்கி வந்த காய்ச்சல் ஒன்று அவருடைய நெஞ்சில் பழுது வைத்துவிட்டுப் போயிருந்தது. பண்டகசாலைப் படியில் பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய மனைவி றஞ்சிதம் தலைப்பிரசவத்தில் செத்துப் பிழைத்தாள். அப்போது மனிதர் சிவனொளிபாதத்துக்கு நடந்து வருவதாக நேர்ந்துவிட்டார். மலையத்தனை சாமிக்குத் தினையத்தனை பூ போதுமே, வெள்ளவத்தைப் பிள்ளையாருக்கு நாலு தேங்காய் உடைத்தால் ஆகாதா என்று நான் கேட்டேன். அவர் சிரித்தாரே தவிர மாறவில்லை. ஏறவே வேண்டாம் என்றுதான் டொக்டரும் சொன்னார். ஏறியே தீரவேண்டும் என்றால், மூச்சு இறுகுகிற இடத்தில் நின்றுவிடு, அதற்கு மேல் ஓரடி வைக்காதே என்றார்.

எந்த வழியால் ஏறுவது என்பதுதான் பிறகு பேச்சு. அட்டன் வழி கிட்ட. ரயிலில் போய் இறங்கினால் தேயிலைத் தோட்டங்களுக்கூடாகப் பாதை. வழிநெடுகத் தேநீர்க் கடை, தோட்டத்து ஆஸ்பத்திரி, ஆளரவம். ஆனால் மலை செங்குத்து. இரத்தினபுரி வழி தூரம். அடிவாரத்துப் பலாபத்தலைக் கிராமத்தைத் தாண்டினால் காடும் அட்டையும்தான். நான் அட்டன் என்றேன். ஒஸ்வால்ட் மேசையில் இரண்டு பென்சில்களைச் சாய்த்துவைத்து விளக்கினான்.

"நெஞ்சு பலவீனமான ஆளுக்குச் செங்குத்துத்தான் எமன். இரத்தினபுரிப் பக்கம் நீளம் எண்டாலும் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். நான் பக்கத்தில வாறன். நீர் பயப்பிடவேண்டாம்," என்றான்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பென்சில் சாய்வது வேறு, மலை சாய்வது வேறு. அந்த நீள வழியிலும் ஏறவேண்டிய உயரம் ஏறத்தான் வேண்டும். அட்டன் வழியை அவன் என்றைக்குமே மதித்ததில்லை. அது துரைமார் உலாத்தப் போகிற வழி என்பான். தன் வழி என்ற பெருமை அவன் கண்ணை மறைத்தது. அதை அன்றைக்கே அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். சிவபாதசுந்தரம் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு, ஒஸ்வால்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றுவிட்டார்.

புறப்பட்ட அன்று றஞ்சிதம் கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். அவர் தன் நோய் வருத்தத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார், நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று ஒஸ்வால்டிடம் கேட்டுக்கொண்டாள். கூட்டிப்போகிற மாதிரியே கூட்டிவந்து விடுவேன் என்று அவன் வாக்குக் கொடுத்தான்.

நான் போகவில்லை. நடந்ததை ஒஸ்வால்டே பிறகு என்னிடம் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை என்றே நம்புகிறேன். இரத்தினபுரி வரை சின்ன ரயில். பலாபத்தலை மடத்தில் தங்கிவிட்டு விடிந்ததும் ஏறத் தொடங்கினார்கள். சீமன் பாஸ் வழக்கம்போலக் கூட்டத்தின் கடைசியில் கிழவிகளோடு வந்தார். ஒஸ்வால்ட் புதியவர்களுக்குக் கட்டுப்பாடுகளைச் சொல்லிவிட்டு, சிவபாதசுந்தரத்தை முன்னால் கூட்டிக்கொண்டு நடந்தான். அவருடைய மூட்டையையும் தானே தூக்கிக்கொண்டான். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவர் கையை உயர்த்திக் காட்டினாராம். உதடு நீலம் பாரித்திருந்ததைக் கண்டிருக்கிறான். குளிர் என்று நினைத்தானாம். ஓரிடத்தில் வேரொன்றில் உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறார். பின்னால் வந்தவர்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். இவன் அவர் முதுகில் தட்டி, நல்லா ஏறுறீர் என்றிருக்கிறான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். யாத்திரைக்காரர் தங்குகிற அடுத்த அம்பலத்தின் கூரை கண்ணில் படுகிற தூரத்தில் சிவபாதசுந்தரம் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியே சரிந்தார். சுற்றிவரக் காடு. அருகில் டொக்டர் இல்லை, ஒரு தோட்டத்து மருந்துக்காரன்கூட இல்லை. ஒஸ்வால்ட் நெஞ்சைத் தேய்த்தான், காலைத் தேய்த்தான். சீமன் பாஸ் வந்துசேர்ந்தபோது உயிர் போய்விட்டிருந்தது.

இந்த மனிதருக்கு நெஞ்சு வருத்தம் என்பது சீமன் பாஸுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். களைப்பு என்று சொல்லக்கூடாது என்பது முணுமுணுக்கிறவர்களுக்கு இருக்கிற கட்டுப்பாடு, வருத்தக்காரன் கூட்டத் தலைவனிடம் எதையும் சொல்லலாம், அதைக் கேட்கத்தானே தலைவன் கடைசியில் நடக்கிறான் என்று சிங்களத்தில் சொன்னாராம். இத்தனை வருடம் போய்வந்தவனுக்கு இது தெரியாதா என்றும் கேட்டிருக்கிறார். ஒஸ்வால்டுக்குத் தெரியாது. அவனுக்கு நோய் நொடி வந்ததில்லை, அதனால் அந்தப் பாதி அவன் காதில் விழுந்ததே இல்லை.

இரண்டு காட்டுக் கம்பில் போர்வையைக் கட்டிச் சுமந்து இறக்கினார்கள். மற்றவர்கள் ஆள் மாறினார்கள். ஒஸ்வால்ட் தலைப்பக்கத்தை யாருக்கும் விடவில்லை. தோள் தோலுரிந்து வாரக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. அதற்குப் பிறகு அவன் இருந்த காலம் முழுவதும் மலைப்பக்கம் போகவில்லை. வழி கேட்டு வந்தவர்களைப் புளோறன்ஸ்தான் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

செத்த வீட்டில் எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு ஒஸ்வால்டும் நானும் வெள்ளவத்தைக்குப் போனோம். வராமல் இருந்துவிடுவான் என்று நினைத்தேன். அவனாகவே வந்தான். எனக்கு அவன்மேல் அப்போதும் கோபம் ஆறவில்லை, பாவமாகவும் இருந்தது. றஞ்சிதம் வெள்ளைச் சேலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்திருந்தாள் போலும். குரல் தெளிவாக இருந்தது.

"கடைசியா அவர் ஏதும் சொன்னவரோ, அண்ணை?"

"இல்லை, தங்கச்சி. ஒண்டும் சொல்லேல்லை."

"அவர் சொல்லமாட்டார் எண்டு உங்களுக்குச் சொன்னனான்தானே. நீங்கள் கேட்டனீங்களோ?"

ஒஸ்வால்ட் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்கமாட்டேன்.

"கேக்கேல்லை," என்றான். "வாய் திறக்கக்கூடாது எண்டு சொன்னதும் நான்தான்."

றஞ்சிதம் ஏசவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப உங்கட சொல்லுக்காகத்தான் பேசாமல் இருந்திருக்கிறார்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.