சாரிடம் சொல்லாத பெயர்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமையில் செய்த தவறு இது.

பதினொன்றாம் வகுப்பில், செடிகொடிகளைப் பற்றி எழுதிவந்த எங்கள் உயிரியல் சார் ஒரு செடியைக் காட்டி, "அன்னவாசல் பக்கம் இதுக்கு என்னம்மா பேரு?" என்று கேட்டார். ஆடு மேய்க்கும் என் அம்மா அதைப் பீநாறி என்பாள். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "பேரெல்லாம் இல்லங்க சார்" என்றேன்.

போன மாதம் சார் இறந்துவிட்டார். அவருடைய கடைசிப் புத்தகத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தச் செடியின் படத்துக்குக் கீழே, 'அன்னவாசல் பக்கம் இதற்குப் பெயரில்லை' என்றிருந்தது. என் பேச்சை அப்படியே நம்பியிருக்கிறார்.

அம்மா சிரித்தாள். "பீநாறிக்கா பேரில்ல? அந்த வாத்தியாருக்கு நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

அந்த வரியை அடித்துவிட்டு, பேனாவால் பீநாறி என்று எழுதினேன். என்னிடமுள்ள ஒரு பிரதியில் மட்டும்தான் அது சரியாக இருக்கிறது.