நாலெழுத்துக் கட்டிப்பிடிப்பு

பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் இந்த நாட்டுச் சனம் வந்து உட்காராது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே வரும். அதே சனம் விடுமுறை முடிந்து வேலைக்கு வந்தால் போதும், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்து கட்டிப்பிடிக்கும். அதற்கு டெனிஷ் மொழியில் 'க்ராம்' என்று பெயர். ஒடென்சேயில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருத்தி அப்படிப் பாய்ந்து வந்தபோது, கையில் கஞ்சிக் கோப்பையோடு விறைத்துப்போய் நின்றேன். யாழ்ப்பாணத்தில் பெண்கள் கட்டிப்பிடிப்பது செத்தவீட்டில்தான். யாரோ போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, யாராவது கட்டிப்பிடிக்கமாட்டார்களா என்று ஏங்கும் நாட்களும் வந்தன.

அந்த ஏக்கம்தான் என்னை ஒரு நாள் காட்டிக்கொடுத்தது. கலியாணமாகிப் பல வருடம் கழித்து, கணவரும் நானும் முதன்முதலாகக் கருத்தரிப்புக் கிளினிக்குக்குப் போயிருந்தோம். பியர்தெ என்ற தாதி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "க்ராமிலிருந்து தொடங்குவோம்" என்றார். அதுவரை இந்த விஷயத்தில் ஒருவரும் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நான் எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அந்த மனுசி ஒரு கணம் அசையாமல் இருந்துவிட்டுப் பிறகு என் முதுகைத் தடவினார். திரும்பிப் பார்த்தால், இவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். இவருக்குக் கேட்டது 'கிராம்'. நிறை பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

பியர்தெ சொன்ன க்ராம் வேறு. நாலு டெனிஷ் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்தது. கே என்றால் சாப்பாடு, ஆர் என்றால் புகை, ஏ என்றால் குடி, எம் என்றால் உடற்பயிற்சி. பிள்ளை வேண்டுமென்றால் இருவரும் இந்த நாலையும் சீர்செய்ய வேண்டும் என்றார். 'இருவரும்' என்பதை அவர் அழுத்தித்தான் சொன்னார், இவர் காதில் அது ஏறவில்லை. நான் எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். இரண்டு நேரமும் சோறு, நிறை கொஞ்சம் கூட, புகை இல்லை, குடி இல்லை. இவரிடம் புகைப்பீர்களா என்று கேட்டதற்கு, "ஃபெஸ்ற்றூயர்" என்று சிரித்தார். கொண்டாட்டம் என்று வந்தால் மட்டும் பிடிப்பவனுக்கு இங்கே அப்படி ஒரு சொல் இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படிப் பார்த்தால் எங்கள் பல்கணியில் நடப்பது நல்லூர்த் திருவிழாவையும் மிஞ்சிய திருவிழா. காலையில் கொடியேற்றம், வேலையால் வந்ததும் தேர், சாப்பிட்ட பிறகு தீர்த்தம். தீர்த்தம் என்று நான் சொல்வது விஸ்கியை. அதுவும் வார இறுதியில் மட்டும் என்றார். எங்கள் வீட்டில் வார இறுதி வியாழக்கிழமையே வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் நான் சோற்றைக் குறைத்தேன். மழையிலும் பனியிலும் வேலைக்குச் சைக்கிளில் போனேன். இரத்தம் எடுத்தார்கள், கொடுத்தேன். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து பாய்ச்சிப் பார்த்தார்கள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி கிடந்தேன். கடைசியில் டொக்டர், உங்களிடம் ஒரு பிழையும் தெரியவில்லை, ஆனால் வயது ஏறுவதால் தாமதிக்க வேண்டாம், இனிக் கணவரைச் சோதிக்க வேண்டும் என்றார். இவருக்குச் செய்யவேண்டியிருந்தது ஒரே ஒரு வேலை. சின்ன மூடிப்போத்தல் ஒன்று கொடுத்திருந்தார்கள், அதில் விந்தைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஊசியில்லை, நோவில்லை. அந்தப் போத்தல் எங்கள் குளியலறைத் தட்டில், முகச்சவரக் கிறீமுக்குப் பக்கத்தில், மாதக்கணக்காகச் சும்மா இருந்தது. கேட்டால் வேலை என்பார், தடிமன் காய்ச்சல் என்பார். ஒரு நாள் கொஞ்சம் அழுத்திக் கேட்டேன். "எங்கட பரம்பரையில அப்பிடி ஒண்டும் இல்லை" என்றார். பரம்பரை புகைக்கவில்லையே, உங்களைப் போலப் பாண் தொழிற்சாலையில் போறணை அடுப்புச் சூட்டுக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கவுமில்லையே என்று சொல்ல வாய் உன்னியது.

இதற்கிடையில் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து மச்சாள், அதாவது இவருடைய அக்கா, ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஏதும் விசேஷமோ?" எங்கள் சனத்துக்கு விசேஷம் என்றால் வயிற்றில் பிள்ளை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அது நல்லாகத் தெரியும், நீங்களும் யாரையாவது கேட்டிருப்பீர்கள். இல்லை மச்சாள் என்றதும் அறிவுரை தொடங்கும். அன்னாசி தின்னாதையும். பப்பாசிப் பக்கம் போகாதையும். வெறுங்காலோடு நிக்காதையும். கிழடுகள் சாகிற இடத்தில் வேலை செய்தால் கரு எப்படித் தங்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, சைக்கிள் ஓடாதையும், கர்ப்பப்பை குலுங்கிப்போகும். பியர்தெ ஓடு என்கிறார், மச்சாள் ஓடாதே என்கிறார். ஒரு நாட்டுக்கு நான் ஓடுவது காணாது, மற்ற நாட்டுக்கு நான் ஓடுவதே குற்றம். தன் தம்பி பல்கணியில் என்ன செய்கிறார் என்று மட்டும் மச்சாள் ஒரு தரமும் கேட்கவில்லை. பியர்தெயின் எழுத்துகளில் எம் என்பது மச்சாளாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த நாட்களில் எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன்.

என் சின்னம்மாவின் நினைவு அப்போது அடிக்கடி வந்தது. கோப்பாயில் இருந்தவர், பிள்ளையில்லாதவர். கந்தசஷ்டிக்குத் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்து, கடைசி நாளில் கோயில் வீதியில் மயங்கி விழுவார். பிள்ளை தங்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பக் கர்ப்பப்பையைக் கழுவினார்கள். ஒவ்வொரு தரமும் சித்தப்பா வெளியில் வாங்கில் உட்கார்ந்து பேப்பர் வாசித்தார். வளர்ந்த பெடியனாக இருந்தபோது சித்தப்பாவுக்குக் கன்னம் வீங்கும் கூகைக்கட்டு வந்து, விதைக்கும் இறங்கி வீங்கியது ஊருக்கே தெரியும். அப்படி வந்தால் ஆணுக்குப் பிள்ளை பிறப்பது தடைப்படலாம் என்று அந்தக் கழுவின டொக்டர்மாருக்கும் தெரிந்திருக்கும். ஒருவரும் சித்தப்பாவை உள்ளே கூப்பிடவில்லை. மலடி என்ற பெயர் சின்னம்மாவுக்குத்தான். கலியாண வீடுகளில் ஆராத்தித் தட்டு வெளியே வரும் நேரம் பார்த்து அவர் தானாகவே எழுந்து குசினிக்குள் போய்விடுவார். பாத்திரம் கழுவப் போகிறார், நல்ல வேலைகாரி என்று நான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் மச்சாளின் மகளுக்குச் சாமத்தியவீடு வைத்தார்கள். அல்பர்ட்ஸ்லுண்டில் மண்டபம் எடுத்து, மேடை போட்டு, பலகாரம் அடுக்கி, எல்லாம் ஊரில் நடந்தது போலவே. பெண்பிள்ளை ஒருத்தி பெரியபிள்ளையாகிவிட்டாள், இனிப் பிள்ளை பெறுவாள் என்று ஊர் கூடி மகிழ்கிற சடங்கு அது. அந்த மண்டபத்தில்தான் நான் முன் வரிசையில் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆராத்தித் தட்டு வந்தது. வாழைப்பழத் துண்டுகளின் மேல் திரி எரிந்துகொண்டிருந்தது. மச்சாள் இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டு மேடையில் ஏற்றினார். என் வலப்பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார். இடப்பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார். நான் தாய்மாமனின் பெண்சாதி, முறைக்கு முதலில் ஏறவேண்டியவள். நானாகவே எழும்பினேன். மச்சாள் தட்டோடு என் பக்கம் குனிந்து, "நீர் இரும், களைச்சுப்போயிருப்பீர்" என்றார். அவ்வளவு பட்சமாகச் சொன்னார். மண்டபத்தின் பின்னால் குசினிக் கதவு திறந்தே கிடந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன் என்பதை மறைக்கமாட்டேன்.

ஆனால் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, மைக் இல்லாமலே மண்டபத்துக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"நான் களைக்கேல்லை மச்சாள். என்ர உடம்பில ஒரு பிழையும் இல்லையெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். உங்கட தம்பிதான் இன்னும் சோதிக்கப் போகேல்லை."

நாதஸ்வரம் ஒலிப்பெட்டியில் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. மேடையில் இருந்த பெண்பிள்ளை, மாமி ஏன் எடுக்கக்கூடாது என்று தாயிடம் டெனிஷில் கேட்டாள். இங்கே பிறந்தவள், கேட்பதைக் கேட்டுவிடுவாள். மச்சாளும் டெனிஷுக்குத் தாவினார். 'ட்ரடிஷோன்' என்றார், அது மரபு என்று. தமிழில் சொல்ல வெட்கமான ஒன்றை டெனிஷில் சொன்னால் பண்பாடாகிவிடுகிறது. நாங்கள் அகதியாக வந்தபோது காணியை விட்டோம், வீட்டை விட்டோம், படித்த படிப்பை விட்டோம். இந்தத் தட்டை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம்.

அன்றைக்கே ஒடென்சேக்குத் திரும்பினோம். கடலுக்கு மேலே போகும் பெரிய பாலத்தில் கார் ஏறியபோதுதான், "எல்லாருக்கும் முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டீர்" என்றார். என்னுடைய மானம் எத்தனை வருடமாக எத்தனை வீட்டில் வாங்கப்பட்டது என்று கணக்குச் சொல்லலாம்தான், அதற்கு அந்தப் பாலம் காணாது. "போத்தில் இன்னும் குளியலறையிலதான் இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த கிழமை தட்டில் போத்தல் இல்லை. முடிவு வந்தபோது இருவரும் பியர்தெக்கு முன்னால் இருந்தோம். உயிரணுக்கள் குறைவு, இருப்பவையும் ஊர்கின்றன. சிகரெட், குடி, போறணைச் சூடு எல்லாமே அதைக் கெடுக்கும், விட்டால் சில மாதங்களில் கொஞ்சம் தேறலாம். ஆனால் என் வயதை யோசித்தால் காத்திருக்க முடியாது, ஒரு உயிரணுவைப் பிடித்து ஊசியால் முட்டைக்குள் வைப்பதுதான் வழி என்றார்கள். அதற்கு என்னிடமிருந்து முட்டைகள் எடுக்க வேண்டும். அதற்கு என் வயிற்றில் நான் தினமும் ஹோர்மோன் ஊசி போட வேண்டும். பாருங்கள் வேடிக்கையை. குறை இவருடையது, ஊசி என் வயிற்றுக்கு. இவர் கெட்ட மனுசன் இல்லை. அன்றைக்கு வாகனத் தரிப்பிடத்தில் ஸ்ரியறிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார், சிகரெட் பெட்டியைக் கசக்கி எறிந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்தபோதும் கோபம் ஒரு சொட்டும் இறங்கவில்லை. காலையில் நான் ஓட்ஸ் கஞ்சியை விழுங்கிக்கொண்டிருக்க இவர் பல்கணியில் ஊதிக்கொண்டு நின்ற அந்த வருடங்களை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

மச்சாளுக்குத் தம்பி சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி வந்தது. இந்த முறை விசேஷம் கேட்கவில்லை. குரல் குழைந்திருந்தது. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நான் நம்பியது என் மடத்தனம்.

"இஞ்ச பாரும், ஆரும் கேட்டால் உமக்குத்தான் கர்ப்பப்பையில ஏதோ கட்டி எண்டு சொல்லுவம். அவன் ஆம்பிளை, தாங்கமாட்டான். உமக்கெண்டால் பழகிப்போச்சுத்தானே."

நான் போனை வைத்துவிட்டேன். பழகிப்போச்சுத்தானே என்ற சொல்லைப் போல ஒன்றை டெனிஷ் மொழியில் இன்னும் எனக்கு யாரும் சொல்லவில்லை. டெனிஷ்காரருக்கு என் உடம்பு நாலு எழுத்து, அதில் ஒரு வஞ்சகம் இல்லை, ஒரு பாசமும் இல்லை. எங்கள் சனத்துக்கு என் உடம்பு ஒரு ஒதுக்குப்புறம், வேண்டாததை எல்லாம் கொண்டுவந்து போடலாம்.

ஊசி தொடங்கிய கிழமை தமிழ்க் கடைக்குப் போயிருந்தேன். முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால் பரமேஸ் அக்கா நின்றார். ஒடென்சேத் தமிழருக்குள் செய்தி பரவவேண்டுமென்றால் அவரிடம் சொன்னால் போதும். என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, ஏதும் விசேஷமோ?" என்றார்.

"ஓம் அக்கா, விசேஷம்தான். இவரிலதான் குறை எண்டு கண்டுபிடிச்சிட்டினம். சிகரெட்டை விட்டிட்டார். ஊசி எனக்குப் போகுது" என்றேன்.

அவர் கையிலிருந்த முருங்கைக்காயைப் பெட்டியில் வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மெல்ல, "என்ர மகளுக்கும் இதே கரைச்சல்தான். மருமகன் சோதிக்க வரமாட்டன் எண்டு நிக்கிறார்" என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். குளிர் ஜாக்கெட்டின் மேலால், பழக்கமில்லாத கைகளால். செத்தவீட்டுப் பிடியா, டெனிஷ் க்ராமா என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. நானும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊசி நேரமாகிவிட்டது என்று வெளியே வந்து சைக்கிளில் ஏறினேன். வழமைபோல ஓடலாம், ஒன்றும் ஆகாது என்று பியர்தெ சொல்லித்தான் இருக்கிறார். கல்லுப் பதித்த பழைய தெரு வந்தது. சில்லு தடதடத்ததும் காதுக்குள் மச்சாளின் குரல் வந்தது, குலுங்கிப்போகும் என்று. அதற்குப் பயப்படுகிறேனே என்று எனக்கு என் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை ஊன்றினேன், இறங்கினேன், உருட்டத் தொடங்கினேன். பின்னால் வந்த டெனிஷ்காரி ஒருத்தி நின்று, காற்றுப் போய்விட்டதா, பம்ப் தரட்டுமா என்று கேட்டாள். இல்லை, காற்று இருக்கிறது என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கல்லுத் தெரு முடியும் மட்டும் உருட்டினேன். தார் ரோட்டு வந்ததும் ஏறி ஓடினேன்.